மூச்சை அளந்த மருத்துவர்

1842ஆம் ஆண்டு, சார்லஸ் ஃப்ரீமன் என்னும் குத்துச்சண்டை வீரர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். அவர் ஏறத்தாழ 7 அடி உயரம் உடையவர். அந்த உயரத்திற்கேற்ற உடற்கட்டும் வலிமையும் அவருக்கு இருந்தன. மக்கள் அவரை அமெரிக்க இராட்சதர் என்றே அழைத்தனர். அவரைப் பார்த்த எவருக்கும் அவர் நோய்வாய்ப்படக்கூடியவர் என்ற எண்ணமே எழுந்திருக்காது.

ஜான் ஹட்சின்சன் என்ற இளம் மருத்துவர் ஃப்ரீமனைத் தாம் உருவாக்கிய ஒரு கருவியின் முன் நிறுத்தினார். மூச்சை நன்றாக இழுத்து, ஒரு குழாயின் வழியே முழுவதையும் ஊதி வெளியேற்றச் சொன்னார். கருவி காட்டிய அளவு ஏறத்தாழ 7 லிட்டர். நடுத்தர உயரமுள்ள ஓர் ஆண் ஊதும் காற்றைப் போல் அது ஏறக்குறைய இரு மடங்கு. ஹட்சின்சன் அந்த எண்ணைத் தம் குறிப்பேட்டில் பதிவு செய்துகொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த ஓர் எண் மருத்துவ உலகிற்கு ஒரு புதிய பாடத்தைக் கற்பித்தது.

ஜான் ஹட்சின்சன் 1811ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ரைட்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் டைன் ஆற்றின் அருகே, நியூகாசல் நகருக்குப் பக்கத்தில் அமைந்துள்ளது. அக்காலத்தில் அப்பகுதி முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்களால் நிறைந்திருந்தது. அங்கு வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரி ஆற்றின் வழியாகக் கடலுக்கும், கடல் வழியாக லண்டனுக்கும் சென்றது. நாட்டின் தொழிற்சாலைகளையும் வீடுகளின் அடுப்புகளையும் அதுவே எரியவைத்தது. ஆனால், அதன் தூசியும் புகையும் மனிதர்களின் நுரையீரலுக்குள்ளும் சென்றன.

ஹட்சின்சன் லண்டனில் உள்ள யூனிவர்சிட்டி கல்லூரியில் மருத்துவம் பயின்றார். அவருக்கு மருத்துவத்தில் மட்டுமல்லாமல் கலைகளிலும் ஈடுபாடு இருந்தது. அவர் வயலின் வாசிப்பார், ஓவியமும் தீட்டுவார். கருவிகளைச் செய்வதிலும் எண்களைத் திரட்டி ஆராய்வதிலும் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. இந்தக் கடைசி இரண்டு ஆர்வங்களும் சேர்ந்தே அவருடைய பெயரை இன்றுவரை நிலைக்கச் செய்துள்ளன.

அவர் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கிய காலத்தில், காசநோய் ஐரோப்பா முழுவதையும் அச்சுறுத்திக் கொண்டிருந்தது. உடலைச் சிறிது சிறிதாக உருக்கி அழித்ததால், தமிழில் அதை எலும்புருக்கி நோய் என்றும் கூறுவர். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு அந்நோய்க்கு இல்லை. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 25 வயதிலேயே அந்நோய்க்குப் பலியானார். அதற்கு அப்போது மருந்து இல்லை. அந்நோயை உண்டாக்குவது ஒரு கிருமி என்பதுகூட அன்று எவருக்கும் தெரியாது. ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிவியலாளர் அக்கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது 1882ஆம் ஆண்டில்தான்.

நுரையீரலில் நோய் இருக்கிறதா என்பதை அறிய அன்றைய மருத்துவர்களிடம் இருந்த முக்கிய வழிகள் இரண்டு. முதல் வழி, நோயாளியின் மார்பில் விரலால் தட்டி, எழும் ஒலியைக் கேட்பது. இரண்டாவது வழி, ரெனே லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1816ஆம் ஆண்டில் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து மூச்சொலியைக் கேட்பது. லென்னெக்கும் பின்னாளில் காசநோயாலேயே இறந்தார். நுரையீரலைப் படம் பிடித்துப் பார்க்க எக்ஸ்ரே கதிர்கள் அன்று இல்லை. அவை 1895ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

இந்த இரண்டு வழிகளிலும் ஒரு குறை இருந்தது. இரண்டும் மருத்துவரின் காதை நம்பியே இருந்தன. ஒரு மருத்துவரின் காதுக்குக் கேட்டது மற்றொருவருக்குக் கேட்காமல் போகலாம். இன்று கேட்ட ஒலியையும் ஆறு மாதங்களுக்குப் பின் கேட்கும் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிதன்று. அதைவிட முக்கியமாக, காதுக்குக் கேட்கும் அளவுக்கு நுரையீரலில் மாற்றம் ஏற்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருந்தது.

ஹட்சின்சன் லண்டனில் பிரிட்டானியா என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்காகவும் பணியாற்றினார். காப்பீடு செய்ய வருபவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறாரா என்று சோதித்துச் சொல்வது அங்கு மருத்துவரின் வேலை. வருபவர்கள் பார்வைக்கு நலமாகவே இருப்பார்கள். சிலர் தங்கள் நோயை மறைப்பார்கள். வேறு சிலருக்கோ தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இத்தகைய சூழலில், நுரையீரலின் நிலையை எண்ணால் காட்டக்கூடிய ஒரு வழி தேவை என்பதை ஹட்சின்சன் உணர்ந்தார். ஒருவர் வேண்டுமென்றே குறைவாக ஊதலாம். ஆனால், தம் நுரையீரலால் இயன்றதைவிடக் கூடுதலாக எவராலும் ஊத முடியாது. ஆகவே, ஊதும் காற்றின் அளவு பொய் சொல்லாத சான்றாக இருக்கும் என்று அவர் கருதினார்.

மூச்சுக் காற்றை அளக்க முயன்றவர்களில் ஹட்சின்சன் முதல்வர் அல்லர். அவருக்கு முன்பே சில அறிஞர்கள் அம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி 1800ஆம் ஆண்டு வாக்கில் தம்முடைய சொந்த மூச்சையே அளந்து பார்த்தார். ஆனால், ஒருவர் அல்லது சிலரின் மூச்சை அளந்தால் அது ஒரு செய்தியாக மட்டுமே இருக்கும். எது இயல்பான அளவு, எது குறைவான அளவு என்று சொல்வதற்கு ஆயிரக்கணக்கான மனிதர்களை அளந்தாக வேண்டும். ஹட்சின்சன் அந்தப் பெரும்பணியைத் தாமே மேற்கொண்டார்.

அதற்காக அவர் உருவாக்கிய கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயரிட்டார். தமிழில் அதனைச் சுவாசமானி என்கிறோம். அது செயல்படும் விதம் மிகவும் எளிமையானது. ஒரு பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பப்பட்டிருக்கும். அந்நீருக்குள் மற்றொரு பாத்திரம் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கவிழ்ந்த பாத்திரம் எளிதாக மேலே எழும்பும் பொருட்டு, கப்பிகளின் மேல் செல்லும் கயிறுகளில் எடைகள் தொங்கவிடப்பட்டிருக்கும். குழாயின் வழியே ஊதும் காற்று கவிழ்ந்த பாத்திரத்திற்குள் சென்று சேரும். காற்று சேரச் சேரப் பாத்திரம் மேலே எழும்பும். அது எவ்வளவு எழும்பியது என்பதை அருகிலுள்ள அளவுகோல் காட்டும். ஒரு வாளி நீருக்குள் குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, உறிஞ்சுகுழலால் அதற்குள் ஊதிப் பார்த்தவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அளக்கும் முறையிலும் ஹட்சின்சன் மிகுந்த கண்டிப்புடன் இருந்தார். ஊதுபவர் மார்பை இறுக்கும் ஆடையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும். மெதுவாகவும் முழுமையாகவும் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு, இனி ஊத முடியாது என்னும் நிலை வரும்வரை ஊத வேண்டும். இவ்வாறு மூன்று முறை ஊதச் செய்து, அவற்றுள் உயர்ந்த அளவையே அவர் எடுத்துக்கொண்டார். எல்லாரையும் ஒரே முறையில் அளந்தால்தான் ஒருவரின் அளவை மற்றொருவரின் அளவோடு ஒப்பிட முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

எவ்வளவுதான் முயன்று ஊதினாலும் நுரையீரல் முற்றிலும் காலியாவதில்லை. சிறிதளவு காற்று உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, ஹட்சின்சனின் கருவி நுரையீரலில் உள்ள காற்று முழுவதையும் அளக்கவில்லை. மூச்சை முழுமையாக இழுத்த பிறகு ஒருவரால் வெளியேற்ற முடிந்த காற்றையே அது அளந்தது. அந்த அளவுக்கு அவர் சூட்டிய பெயரைத் தமிழில் உயிர்ப்புத்திறன் என்று வழங்குகிறோம். உயிர் வாழ்வதற்கான திறனையே அது காட்டுகிறது என்று அவர் நம்பியதால் அப்பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்து, அளக்கும் பணி தொடங்கியது. மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், அரசக் காவற்படை வீரர்கள், அச்சுத் தொழிலாளர்கள், கைவினைஞர்கள், ஏழைகள் விடுதிகளில் வாழ்ந்தோர், செல்வர்கள் எனப் பலரும் அவருடைய குழாயில் ஊதினர். குத்துச்சண்டை வீரர்களையும் மல்யுத்த வீரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மிக உயரமானவர்களையும் மிகக் குள்ளமானவர்களையும் தேடிப்பிடித்து அளந்தார். நலமாக இருந்தவர்களோடு நோயாளிகளையும் அளந்தார். மொத்தத்தில் 2,130 பேரின் மூச்சு அவருடைய ஏடுகளில் எண்களாகப் பதிவானது. கணினியோ கணிப்பானோ இல்லாத காலத்தில், அந்த எண்கள் அனைத்தையும் அவர் அட்டவணைகளாகத் தொகுத்தார்.

அந்த அட்டவணைகள் மக்களிடையே நிலவிய ஒரு நம்பிக்கையைப் பொய்யாக்கின. அகன்ற மார்பு உடையவருக்கு வலிமையான நுரையீரல் இருக்கும் என்றே எல்லாரும் நினைத்தனர். ஆனால், மார்பின் சுற்றளவுக்கும் உயிர்ப்புத்திறனுக்கும் நேரடியான தொடர்பு எதையும் ஹட்சின்சன் காணவில்லை. அவர் கண்ட தொடர்பு உயரத்தோடுதான் இருந்தது. 5 அடியிலிருந்து 6 அடி வரை, உயரம் ஓர் அங்குலம் கூடும்போதெல்லாம் உயிர்ப்புத்திறன் 8 கன அங்குலம் கூடியது. அஃதாவது, ஏறத்தாழ 130 மில்லிலிட்டர். இந்த ஒழுங்கைக் கண்டு அவரே வியந்தார். உயரமானவர்களும் குள்ளமானவர்களும் உட்கார்ந்திருக்கும்போது உயரத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. வேறுபாடு பெரும்பாலும் கால்களின் நீளத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, மூச்சு ஏன் உயரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது அவருக்குப் புதிராகவே இருந்தது. ஆயினும், காரணம் விளங்கவில்லை என்பதற்காக அவர் தம் எண்களை மாற்றவில்லை.

வயது கூடக்கூட உயிர்ப்புத்திறன் சிறிது சிறிதாகக் குறைவதையும் அவர் கண்டார். அளவுக்கு மீறிய உடல் எடையும் அதனைக் குறைத்தது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஒருவருடைய உயரத்தையும் வயதையும் எடையையும் வைத்து, அவர் எவ்வளவு காற்றை ஊத வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அவ்வளவு ஊத முடியவில்லை என்றால், ஏன் என்று ஆராய வேண்டும். காசநோயாளிகளை அளந்தபோது, அவர்களுடைய உயிர்ப்புத்திறன் வெகுவாகக் குறைந்திருந்ததை அவர் கண்டார்.

1844ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்க வீரர் ஃப்ரீமன் மீண்டும் ஹட்சின்சனின் கருவியில் ஊதினார். இரண்டு ஆண்டுகளுக்குமுன் பதிவான அளவு குறிப்பேட்டில் இருந்தது. இப்போது கிடைத்த அளவு, அதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அவருடைய எடையும் குறைந்திருந்தது.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். குறைந்துபோன பிறகும் ஃப்ரீமனின் உயிர்ப்புத்திறன் மற்றவர்களைவிட மிகுதியாகவே இருந்தது. அவரை முதன்முதலாக அன்றுதான் அளந்திருந்தால், இவ்வளவு வலிமையான நுரையீரலா என்றே எந்த மருத்துவரும் வியந்திருப்பார். முந்தைய எண் ஒன்று இருந்ததால்தான் ஆபத்து தெரிந்தது. ஒருவரை மற்றவர்களோடு ஒப்பிடுவது மட்டும் போதாது. அவரை அவருடைய பழைய நிலையோடும் ஒப்பிட வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டின. 1845ஆம் ஆண்டில் ஃப்ரீமன் இளம் வயதிலேயே காசநோயால் இறந்தார்.

எண் எச்சரித்தது, ஆனால், மருத்துவத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. காசநோயைக் குணப்படுத்தும் மருந்து கிடைப்பதற்கு அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

1844ஆம் ஆண்டிலேயே லண்டன் புள்ளியியல் கழகத்தில் ஹட்சின்சன் தம் ஆய்வின் ஒரு பகுதியை வெளியிட்டிருந்தார். 1846ஆம் ஆண்டில் முழு ஆய்வும் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. நூறு பக்கங்களுக்கும் மேல் நீண்ட அந்த ஆய்வுக் கட்டுரையில் கருவியின் படம், அளக்கும் முறை, அட்டவணைகள், ஃப்ரீமனின் வரலாறு ஆகிய அனைத்தும் இடம்பெற்றிருந்தன. அப்போது அவருக்கு வயது 35.

அவருடைய பணி பாராட்டப்பட்டது. எனினும், அவர் எதிர்பார்த்ததைப் போல் மருத்துவர்கள் அனைவரும் சுவாசமானியைக் கையில் எடுக்கவில்லை. நீர் நிரப்பிய அந்தப் பெரிய கருவியை நோயாளியின் வீட்டிற்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஸ்டெதஸ்கோப்போ சட்டைப் பையில் அடங்கிவிடும். பழகிய காதை நம்புவதே பலருக்கு எளிதாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்களும் அவருடைய முறையை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

அதைவிட வருந்தத்தக்க செயல் ஒன்றும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவர்களுள் சிலர், கறுப்பின மக்களின் மூச்சை இக்கருவியால் அளந்து, அவர்களுடைய நுரையீரல் பிறப்பிலேயே குறைபாடு உடையது என்று வாதிட்டனர். கடும் உழைப்பும் வறுமையும் மனிதரின் உடலை என்ன செய்யும் என்பதை அவர்கள் கருத்தில் கொள்ளவில்லை. நோயைக் கண்டறியப் பிறந்த கருவி, மனிதரைத் தாழ்த்தவும் பயன்பட்டது. எண் சரியாக இருந்தாலும், அதற்குப் பொருள் கூறுபவர் நேர்மையாக இல்லையெனில் தீமையே விளையும் என்பதற்கு இது ஒரு சான்று.

1852ஆம் ஆண்டில் ஹட்சின்சனின் வாழ்க்கை எதிர்பாராத திசையில் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே விரைந்தனர். ஹட்சின்சனும் லண்டனையும் தம் ஆய்வையும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு அங்கே சென்றார். நாற்பது வயதைக் கடந்த, பெயர் பெற்ற ஒரு மருத்துவர் ஏன் இந்த முடிவை எடுத்தார் என்பதற்கு அவர் தெளிவான விடை எதையும் விட்டுச் செல்லவில்லை. 1861ஆம் ஆண்டில் அவர் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவுகளுக்குச் சென்றார். அவ்வாண்டிலேயே, தம் ஐம்பதாவது வயதில், அங்கு இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தாலும் அவருடைய எண்ணம் மறையவில்லை. சுவாசமானி படிப்படியாக மேம்பட்டது. ஹட்சின்சன் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை மட்டுமே அளந்தார். எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்பதை அளக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் அந்தக் குறையை நீக்கினர். ஊதத் தொடங்கிய முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அவர்கள் கணக்கிட்டனர்.

இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு பையைக் கொண்டு விளக்கலாம். காற்று நிறைந்த ஒரு பையின் வாய் அகலமாக இருந்தால், அழுத்தியவுடன் காற்று வேகமாக வெளியேறும். வாய் குறுகலாக இருந்தால், அதே அளவு காற்று வெளியேற அதிக நேரம் பிடிக்கும். ஆஸ்துமா என்னும் ஈளை நோய் உள்ளவர்களுக்குக் காற்றுக் குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன. அவர்களுடைய நிலையை அறிய, காற்றின் அளவைவிட அது வெளியேறும் வேகமே பெரிதும் உதவுகிறது.

அந்த வேகத்தை அளக்கும் கருவியை மார்ட்டின் ரைட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கினார். அவர் வேல்ஸ் பகுதியில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அக்கருவியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. பீக் ஃப்ளோ மீட்டர் எனப்படும் அக்கருவி, 1970களில் கைக்கு அடக்கமான சிறிய குழாயாக உருமாறியது. அதனால், மருத்துவமனைக்கு வெளியேயும் மூச்சை அளக்க வழி பிறந்தது. சுரங்கப் பகுதியில் பிறந்த ஹட்சின்சன் தொடங்கிய பணி, சுரங்கத் தொழிலாளர்களுக்காக உழைத்த மற்றொருவரின் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது.

இன்று ஆஸ்துமா உள்ள பலரும் காலையிலும் மாலையிலும் வீட்டிலேயே அக்குழாயில் ஊதிப் பார்க்கின்றனர். முதலில் கருவியின் முள்ளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நிமிர்ந்து நின்று, மூச்சை முழுமையாக இழுத்து, உதடுகளால் குழாயை நன்கு மூடிக்கொண்டு, வேகமாக ஒரே மூச்சில் ஊத வேண்டும். இவ்வாறு மூன்று முறை ஊதி, அவற்றுள் உயர்ந்த எண்ணை அட்டவணையில் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குமுன் ஹட்சின்சன் பின்பற்றிய அதே மூன்று முறைதான் இன்றும் பின்பற்றப்படுகிறது.

நலமாக இருக்கும் நாள்களில் ஒருவர் ஊதிய மிக உயர்ந்த எண்ணே அவருக்குரிய அளவுகோல் ஆகும். அதில் 80 விழுக்காட்டிற்குக் குறையாமல் ஊத முடிந்தால் பச்சை நிலை, கவலை இல்லை. 50 முதல் 80 விழுக்காட்டிற்குள் இருந்தால் மஞ்சள் நிலை. மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த திட்டத்தின்படி நடந்துகொள்ள வேண்டும். 50 விழுக்காட்டிற்கும் கீழே சென்றால் சிவப்பு நிலை; அத்திட்டத்தில் உள்ள அவசர மருந்தைப் பயன்படுத்தி, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது.

சில வேளைகளில் இழுப்பும் திணறலும் தொடங்கும் முன்பே இந்த எண் குறையத் தொடங்கிவிடும். மூச்சு சிறிது சிறிதாகக் குறையும்போது உடல் அதற்குப் பழகிப்போவதால், குறைவு எளிதில் தெரிவதில்லை. வழக்கமாக ஏறும் மாடிப்படிகளில் ஒருமுறை நின்று இளைப்பாறத் தோன்றும். களைப்பு என்று எண்ணிவிடுவோம். அட்டவணையில் இறங்கிவரும் எண்களோ அவ்வாறு சமாதானம் சொல்வதில்லை. புகைமூட்டம் சூழும் நாள்களில் இத்தகைய கவனம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் பெரியோர். அந்தச் சுவரில் விரிசல் விழுகிறதா என்பதை, அது இடிந்து விழும் முன்பே பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஜான் ஹட்சின்சன். ஃப்ரீமனின் உயிரைக் காக்க அவரிடம் மருந்து இல்லை. இன்று அந்த நிலை மாறிவிட்டது. காசநோய்க்கும் மருந்து உண்டு. ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தவும் மருந்து உண்டு. எண் எச்சரித்தால் செயல்படுவதற்கு வழி இருக்கிறது.

அவர் சூட்டிய உயிர்ப்புத்திறன் என்னும் பெயர் இன்றும் உலகெங்கும் உயிரியல் பாடங்களில் இடம்பெற்றுள்ளது. மருத்துவமனைகளில் இப்போது உள்ள சுவாசமானிகளில் நீரும் இல்லை, கப்பியும் இல்லை, அவை மின்னணுக் கருவிகளாகிவிட்டன. ஆயினும், அவற்றின் முன் நிற்பவரிடம் இன்றும் சொல்லப்படுவது ஹட்சின்சன் அன்று ஃப்ரீமனிடம் சொன்னதைப் போன்றதுதான்: மூச்சை முழுமையாக இழுத்து, இனி இயலாது என்னும்வரை ஊத வேண்டும், கிடைத்த எண்ணை அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பத்திரமாகக் குறித்து வைக்க வேண்டும்.